பெரட்டும் நடையும்

சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் முன்பெல்லாம் விடியுமுன்னே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. பிறகு மரத்துக்கு மரம் நடை. பால் வாளிகளைத் தோளில் காண்டாக் கழி போட்டுச் சுமந்து, நிறுக்கும் இடம் வரை மறுபடி நடை. அந்தத் தொழிலாளர்களிடம் போய் உடற்பயிற்சி என்றால் சிரித்திருப்பார்கள்.

தோட்டம் விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தோம். பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள்தான்; ரொட்டி சானாய் மட்டும் குறையவில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்குக் கூடுதல் எடை அல்லது உடல்பருமன்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம். அரை மணி வேகநடை, ஐந்து நாள், அவ்வளவுதான். அது பழக்கமாக எத்தனை நாள்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேர் பங்கேற்ற ஆய்வில் கிடைத்த விடை, சுமார் 66 நாள். ஆளுக்கு ஆள் மாறும்; உடற்பயிற்சிக்குச் சற்றுக் கூடவே ஆகும். நடுவில் ஒருநாள் தவறினாலும் பெரிதாக ஒன்றும் கெடவில்லையாம். நாமோ ஒருநாள் மழைக்கே காலணியை மூட்டை கட்டிவிடுகிறோம்!

எடை குறைய நடை மட்டும் போதாது. நடந்துவிட்டு நேரே கடைக்குப் போகிறவர்கள் 'தே ஓ கோசோங்' கேளுங்கள். பாலும் சீனியும் இல்லாமல் வரும்.