பல்லிழந்த பெற்றோரும் பிள்ளைகளின் கடமையும்

 

பல் போனால் சொல் போகும் என்பர். திருக்குர்ஆனின் 'ஸா', 'தால்', 'ளா' ஆகிய எழுத்துகள் நுனிநாக்கு மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடும்போதே பிறக்கின்றன. பல்லிழந்த பெரியவர் ஓத இயலாமல் தவிப்பதும், விருந்தில் கறியை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியோடு எழுவதும் நம் வீடுகளில் காணும் காட்சிகளே. எலும்பில் திருகு பொருத்தப் பெருஞ்செலவாகும் என்றும், படைத்தவன் எடுத்ததை மீண்டும் வைக்கலாமா என்றும் கூறிப் பிள்ளைகள் காலம் கடத்துகின்றனர்.

குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அதில் துர்வாடை வீசவே, பொன்னில் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் தேவை அதனை ஆகுமாக்கியது. இதனைக் கொண்டே, பல்லைத் தங்கத்தால் கட்டுவதையும் அறிஞர்கள் பலர் அனுமதித்தனர்.

அறுவையின்றியும் வழியுண்டு. ஒன்று, கழற்றி மாட்டும் பல்செட்டு. மற்றொன்று, அண்டைப் பற்களைத் துணையாகக் கொண்டு ஒட்டும் பிரிட்ஜ். நம் காரைக்குடிக்கு அருகே புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. அங்கு சென்று கேளுங்கள்.

ஹனஃபீ மத்ஹபில் கடமையான குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. எனவே பல்செட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளியுங்கள். நிலையாக ஒட்டியது தடையன்று. இரவில் செட்டைக் கழற்றித் துலக்கி நீரில் வையுங்கள்.

நமக்குப் பல் முளைக்காத நாளில் சோற்றை மசித்து ஊட்டியவள் தாய். இன்று அவள் மென்று உண்ண வழி செய்வது நம் கடமையன்றோ! பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.