மாறாத வட்டி எங்கிருந்து வருகிறது?

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



கட்டுகஸ்தோட்டையிலிருந்து நமது கூட்டங்களுக்குத் தவறாது வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் எம்மை அழைத்து ஒரு கைத்தொலைபேசியைக் காட்டினார். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தமது சேமிப்பை வங்கியில் ஓராண்டு நிலையான வைப்பில் இட்டபோது நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி கிடைத்தது. அடுத்த ஆண்டு புதுப்பிக்கச் சென்றபோது அது ஏறக்குறையப் பத்தாக இறங்கியிருந்தது. பின்னர் எட்டுக்கும் வந்தது. மருந்துச் செலவு இறங்கவில்லை. பேரன் தரவிறக்கிக் கொடுத்த செயலியிலோ, டொலரில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு, மாறாத வட்டி என்று எழுதியிருந்தது. "தம்பிமார், நீங்கள் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். இது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அக்கேள்விக்கு நாம் தேடிய விடையே இன்றைய உரை.

இவ்வகைச் செயலிகள் எல்லாம் தம்மைப் பரவலாக்கப்பட்ட நிதி என்று சொல்லிக்கொள்கின்றன. மெய்யாகவே அப்பெயருக்கு உரியவற்றில் வங்கி முகாமையாளரும் இல்லை, காசாளரும் இல்லை. எதீரியம் போன்றதொரு வலையமைப்பில் எழுதிவைத்த நிரலே பணத்தை வாங்கி, கடன் கொடுத்து, வட்டியையும் கணக்கிடுகிறது. ஆவே, கொம்பவுண்ட் ஆகிய இரண்டும் இவற்றுட் பெயர்பெற்றவை. அங்கே நூறு டொலர் கடன் கேட்பவன் நூற்றைம்பது டொலர் பெறுமதியுள்ள வேறு நாணயத்தை ஈடாக வைப்பான். நமது நகை அடகுக்கடை முறைதான். ஆனால் அடகுக்கடைக்காரர் தவணைவரை பொறுத்திருப்பார். ஈட்டின் விலை ஓர் எல்லைக்குக் கீழே சரிந்தால் நிரல் அப்பொழுதே விற்றுவிடும். பொதுக் குவியலிலுள்ள பணத்தைப் பலர் கடனாகக் கேட்டால் வட்டி ஏறும், கேட்பாரில்லையேல் இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் நமக்குப் புதிதன்று. கொழும்புச் செட்டியார் தெருவிலே கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் நடப்பு வட்டி, தவணை வட்டி என இருவகை இருந்தன. நடப்பு வட்டி மாதத்துக்கு மாதம் மாறும். தவணை வட்டி குறித்த காலம்வரை மாறாது. ஆவே தருவது நடப்பு வட்டி. நமது ஆசிரியர் கேட்பது தவணை வட்டி.

முன்னதைப் பின்னதாக மாற்றுவது எப்படி? மாத்தளைப் பக்கத்தில் கராம்புத் தோட்டம் வைத்திருப்போருக்கு இது கைவந்த விஷயம். மொட்டுப் பறிக்குமுன்னரே வியாபாரி வந்து, மரங்களை அண்ணாந்து பார்த்து, ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுகிறார். மழை பிந்தினாலும், விலை விழுந்தாலும் சொந்தக்காரருக்குப் பேசிய தொகை குறைவதில்லை. விளைச்சல் பெருகினால் இலாபம் வியாபாரிக்கு. கெட்டால் நட்டமும் அவருக்கே. பெண்டில் என்னும் தளம் செய்வதும் இதுவே. வட்டி தரும் ஒரு நாணயத்தை முதல், விளைச்சல் என இரண்டாகப் பிரித்து அது விற்கிறது. ஓராண்டில் நூறாகத் திரும்பும் முதலை இன்று 95க்கு வாங்கினால் வட்டி அப்போதே தீர்மானமாகிவிடுகிறது: 95க்கு 5, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 5.26. (நூற்றுக்கு ஐந்து என்று எழுதியிருந்தால், எமக்கு மிஷன் பாடசாலையில் கணிதம் சொல்லித்தந்த பாதிரியார் காதைத் திருகியிருப்பார்.) விளைச்சலை ஐந்துக்கு வாங்கியவன், வட்டி எட்டாக வந்தால் மூன்று இலாபம் காண்பான், இரண்டாக வந்தால் மூன்றை இழப்பான்.

இது நேர்மையான ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். அசைவு மறையவில்லை; அதை விரும்பி ஏற்றவனிடம் போயிருக்கிறது. ஆயினும் தவணைகள் பெரும்பாலும் சில மாதங்களே. இருபது ஆண்டுக்கு மருந்து வாங்க வேண்டியவருக்கு அது போதுமா? மேலும், பிரித்த நாணயமே கெட்டுப்போனால் நூறு என்ற கணக்கும் அதனோடு போய்விடும்.

மற்றொரு வழி, நல்ல காலத்து வருவாயைச் சேர்த்துவைத்து, மெலிந்த காலத்தில் அதிலிருந்து கொடுப்பது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. தேக்கத்தின் பயனை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் வருகின்ற நீரிலும் விடுகின்ற நீர் நாள்தோறும் அதிகமாயிருந்தால் என்னாகும்? 2021 மார்ச்சில் டெரா வலையமைப்பிலே தொடங்கிய ஆங்கர் என்னும் தளம் அதைக் காட்டிவிட்டது. அது டெராவின் யூ.எஸ்.டி. நாணயத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறையப் பத்தொன்பதரை வட்டி கொடுத்தது. கடன் வாங்கியோர் செலுத்திய வட்டியும், அவர்களுடைய ஈடு ஈட்டித்தந்த வருவாயுமே தளத்தின் வரவு. அந்த வட்டியைக் கண்டு வைப்பாளர் பெருகினர். கடன் வாங்குவோர் அவ்வளவு பெருகவில்லை. பற்றாக்குறை ஒதுக்கு நிதியிலிருந்து போயிற்று. 2022 பெப்ரவரியில் அந்நிதியில் 45 கோடி டொலரை ஊற்றினார்கள். மூன்று மாதத்தில், மே மாதத்திலே, ஒரு டொலருக்குச் சமமென்று சொல்லப்பட்ட யூ.எஸ்.டி. சரிந்தது. அப்போது புழக்கத்தில் இருந்தது ஏறக்குறைய 1800 கோடி டொலர்ப் பெறுமதி. அதைத் தாங்குவதற்கென்றிருந்த லூனா நாணயம் சில நாட்களில் எண்பது டொலரிலிருந்து ஒரு சதத்துக்கும் கீழே போயிற்று. முன்னே எடுத்தவர் பெற்ற வட்டியைப் பின்னே நின்றவரின் முதல் கொடுத்தது. டெராவை நிறுவிய டோ குவோன் 2025 ஆகஸ்டில் நியூயோர்க் நீதிமன்றத்திலே மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அமெரிக்கத் திறைசேரிப் பத்திரங்களை வாங்கி அவற்றின் வட்டியைப் பங்கிடும் தளங்களும் உண்டு. மேக்கர் அவ்வாறு செய்தது. அங்கே வட்டியை நிர்ணயிப்பது அங்கத்தவர் வாக்கு: 2023 ஆகஸ்டில் எட்டாக உயர்த்தி, அதே மாதத்திலே ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "வங்கி மட்டும் நிலையானதா?" என்று வாலிப நண்பர்கள் சிலர் வாதிட்டார்கள். நியாயமான வாதம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது ஏறியிருந்தது. இருபது வட்டி வாங்கியவரும் ஏழையானார். அவ்வாண்டு கையில் டொலர் வைத்திருந்தவர் தப்பினார். மூத்தோர் பலருக்கு 2008 டிசம்பரில் விழுந்த கோல்டன் கீயும் நினைவிருக்கும். அங்கே ஏறக்குறைய 2600 கோடி ரூபாய் வைப்பு அகப்பட்டுக்கொண்டது. அதற்குக் கணினி நிரல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டை நாம் நண்பர்களிடம் வற்புறுத்தினோம். அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கொம்பனியோ முறிந்தால், 2021 முதல் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. செயலிக்கு அது இல்லை. முறையிடச் சென்றால் தட்டுவதற்கு ஒரு கதவும் இல்லை.

ஆசிரியரின் பேரனோடு இரண்டு மாலைப்பொழுது அமர்ந்து அந்தச் செயலியைத் துருவினோம். கடன் வாங்குவோர் யார், ஈடு என்ன, வட்டி குறைந்த மாதத்தில் மிச்சத்தைக் கொடுப்பவர் யார் என்று தேடினோம். நிரலையும் காணவில்லை, ஒரு வரியும் கிடைக்கவில்லை. புதிதாக ஆட்களைச் சேர்த்தால் கிடைக்கும் தரகுப்பணத்தின் அட்டவணை மட்டும் மூன்று நிறத்தில் அழகாக இருந்தது. பேரன் அதைப் பார்த்துவிட்டுத் தானே செயலியை அழித்தான்.

ஐயா பணத்தை இரண்டு வங்கிகளில், ஒவ்வொன்றிலும் 11 இலட்சத்துக்கு மேற்படாமல், பிரித்து வைத்திருக்கிறார். வட்டி போதவில்லை என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. கிழமையில் மூன்று மாலை அயலவர் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். இன்றும் அதனாலேயே கூட்டத்துக்குப் பிந்தி வந்தார், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.