எபிரேய மறைநூலில் சம்பந்தமும் கலப்பு மணமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி தொடங்கும் முன்பே நெறியாளர் என்னை மடக்கிவிட்டார். "எபிரேய மறைநூலில் கலப்பு மணத்திற்குத் தடை உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது ஐயா. ஆனால், ஒரே வார்த்தையிலிருந்து தொடங்கலாம். அதற்கு அனுமதி கொடுங்கள்.

எபிரேய மொழியில் 'ஹாத்தான்' என்று ஒரு சொல் இருக்கிறது. மணமகன் என்றும் பொருள், மருமகன் என்றும் பொருள். அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவாகிக் கொள்வது என்பது அதன் பொருள். நம்மிடம் அதற்குச் சரியான சொல் இருக்கிறது. 'சம்பந்தம் செய்தல்' என்கிறோமே, அதேதான். பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களும் 'சம்பந்தங்கலந்து' என்றே எழுதினார்கள். இந்தச் சொல் வருகிற இடங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே நெறியாளரின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஆதியாகமம் 34ஆம் அதிகாரம். யாக்கோபின் மகள் தீனாளை அந்த ஊர்த் தலைவனின் மகன் சீகேம் கெடுத்துவிடுகிறான். பிறகு அவளையே மணக்க ஆசைப்படுகிறான். அவனுடைய தந்தை ஏமோர் பேச வருகிறார். எங்களோடு சம்பந்தம் செய்யுங்கள், உங்கள் பெண்களை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் பெண்களை நீங்கள் எடுங்கள், நிலம் உங்கள் முன் இருக்கிறது, வியாபாரம் செய்யுங்கள் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தம் ஊராரிடம் போய் அவர் வேறு மாதிரி பேசுகிறார். அவர்களுடைய ஆடு மாடும் சொத்தும் நமக்குத்தானே வந்து சேரும் என்கிறார்!

யாக்கோபின் மகன்களும் சளைத்தவர்கள் அல்லர். ஆண்கள் எல்லாரும் விருத்தசேதனம் செய்து கொண்டால் சம்பந்தம் என்று வஞ்சகமாகச் சொல்கிறார்கள். ஊரே செய்து கொண்டது. மூன்றாம் நாள், அவர்கள் வலியில் கிடக்கும்போது சிமியோனும் லேவியும் வாளோடு நுழைந்து ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டிப் போட்டார்கள். இத்தனை பேச்சு, இத்தனை பேரம், இத்தனை இரத்தம். தீனாள் பேசியதாக ஒரு வார்த்தையாவது அந்த அதிகாரத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை.

இதற்குப் பத்து அதிகாரம் முன்னால் இன்னொரு பெண் இருக்கிறாள். ஈசாக்குக்குப் பெண் பார்க்க ஆபிரகாம் தம் வேலைக்காரரைப் பத்து ஒட்டகங்களோடு அனுப்புகிறார். கானானியரில் பெண் எடுக்காதே, என் இனத்தாரிடம் போ என்று சத்தியம் வாங்கிக் கொள்கிறார். ரெபெக்காள் கிணற்றடியில் அந்த ஒட்டகங்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். பெரியவர்கள் பேசி முடித்த பிறகுதான் என்றாலும், "இந்த மனிதனோடு போகிறாயா?" என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். "போகிறேன்" என்கிறாள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொந்தத்தில் மணம் என்றால் நமக்கும் அவர்களுக்கும் கணக்கு வேறு. ரெபெக்காள், ஈசாக்கின் பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரரின் மகள். நம் முறைப்படி ஈசாக்குக்கு அவள் மகள் முறை! யாக்கோபு மணந்த லேயாளும் ராகேலும் தாய்மாமன் லாபானின் மகள்கள். அது நமக்கு முறைப்பெண், பேச்சே இல்லை. செலொப்பியாத் என்பவருக்கு ஆண் வாரிசு இல்லை, ஐந்து பெண்கள். அவர்களுக்கு நிலத்தில் பங்கு கிடைத்தது. பிறகு அந்த நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, தந்தையின் சகோதரர் மகன்களை அவர்கள் மணந்தார்கள் என்று எண்ணாகமம் கடைசி அதிகாரம் சொல்கிறது. நாம் அண்ணன் தங்கை என்று கும்பிட்டு விடுகிற உறவு அது. உள்ளே மணக்க வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் பக்தி மட்டுமல்ல, நிலமும் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

மறுபக்கம், வெளியே மணந்தவர்கள் யார் யார்? யூதா ஒரு கானானியப் பெண்ணை மணந்தார். யோசேப்பு எகிப்திய அர்ச்சகரின் மகள் ஆஸ்நாத்தை மணந்தார். எப்பிராயீம், மனாசே என்ற இரண்டு பெரிய கோத்திரங்களும் அவள் வயிற்றில் பிறந்தவையே. மோசே மீதியான் நாட்டு ஆசாரியரின் மகள் சிப்போராளை மணந்தார். கூஷ் தேசத்துப் பெண்ணை அவர் மணந்ததற்காக அக்காள் மிரியாம் குறை பேசியபோது, தண்டனை கிடைத்தது மோசேக்கு அல்ல, மிரியாமுக்கு. தோல் வெண்மையாகி ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே இருந்தாள்.

அப்படியானால் தடை எங்கே? உபாகமம் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கானானில் இருந்த ஏழு இனங்களைப் பெயர் சொல்லி, அவர்களோடு சம்பந்தம் செய்யாதே என்கிறது. அதே வினைச்சொல்தான். காரணத்தையும் அடுத்த வரியே சொல்லிவிடுகிறது. அவர்கள் உன் பிள்ளைகளை வேறு தெய்வங்களின் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்பதே அது. இரத்தத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. அதே உபாகமம் 21ஆம் அதிகாரத்தில், போரில் பிடிபட்ட பெண்ணை ஒருவன் விரும்பினால், அவள் தன் தாய் தந்தைக்காக ஒரு மாதம் அழ விட வேண்டும், அதன்பின் மணக்கலாம், பிடிக்காமல் போனால் விற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. இன்றைய கண்ணுக்கு அது கொடுமையே. ஆனாலும் பிற இனத்துப் பெண் மனைவியாகலாம் என்பது சட்டத்திலேயே இருந்தது.

அரண்மனைச் சம்பந்தங்கள்

அரசர்கள் காலம் வந்ததும் சம்பந்தம் அரசியலாகிறது. தாவீதின் மனைவியரில் ஒருத்தி கேசூர் நாட்டு அரசன் தல்மாயின் மகள் மாக்காள். அவள் மகன் அப்சலோம். அண்ணனைக் கொன்றுவிட்டு அவன் எங்கே ஓடினான்? பாட்டன் வீட்டுக்கு! மூன்று வருடம் அங்கே பத்திரமாக இருந்தான்.

சாலொமோன் பார்வோனோடு சம்பந்தம் செய்தார் என்கிறது முதலாம் இராஜாக்கள் 3ஆம் அதிகாரம். வாக்கியத்தைக் கவனியுங்கள். உறவு பார்வோனோடு. பெண்ணின் பெயர்கூட இல்லை. பார்வோன் கேசேர் பட்டணத்தைப் பிடித்து, நெருப்பால் எரித்து, குடிகளைக் கொன்று, அந்த ஊரை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தானாம். எரிந்த ஊர் சீதனம்!

எகிப்து அரசர்கள் சாதாரணமாக வெளிநாட்டுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் அல்லர். 1887ஆம் ஆண்டு எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் களிமண் பலகைக் கடிதங்கள் கிடைத்தன. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றில் பாபிலோன் அரசன் பார்வோனிடம் குறைபட்டுக் கொள்கிறான். எகிப்து அரசன் மகளை எவருக்கும் கொடுத்ததே இல்லை என்கிறாயே, சரி, அழகான பெண் யாரையாவது உன் மகள் என்று சொல்லி அனுப்பு, யார் கேட்கப் போகிறார்கள் என்று எழுதுகிறான். மானம் அங்கே அவ்வளவு மலிவு! அந்தப் பின்னணியில் சாலொமோனுக்குப் பார்வோன் மகளே கிடைத்தாள் என்று எழுதுவது, இவருடைய மதிப்பு எவ்வளவு உயர்ந்தது என்று காட்டத்தான்.

ஆனால் அதே நூல் 11ஆம் அதிகாரத்தில் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. மனைவியர் 700, மறுமனையாட்டிகள் 300. மோவாபின் கேமோஷுக்கு எருசலேமுக்கு எதிரே உள்ள மலையில் மேடை கட்டினார். அவருக்குப் பின் அரசனான ரெகொபெயாமின் தாய் நாமாள், ஓர் அம்மோனியப் பெண். அவன் காலத்தில் நாடு இரண்டாகப் பிளந்தது.

வடநாட்டு ஆகாப், சீதோன் அரசன் மகள் யேசபேலை மணந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் அடுத்த சம்பந்தத்துக்குப் போகிறேன். யூதாவின் நல்ல அரசர் என்று பெயரெடுத்த யோசபாத், அந்த ஆகாபோடு சம்பந்தங்கலந்தார். மகனுக்கு அத்தாலியாளைக் கட்டி வைத்தார். தன் மகன் செத்தான் என்று கேட்டதும் அத்தாலியாள் அரச வம்சத்தையே அழித்துவிட்டு, தானே ஆட்சியில் உட்கார்ந்தாள். யோவாஸ் என்ற ஒரு குழந்தையை மட்டும் அத்தை யோசேபாள் தூக்கிக் கொண்டு போய் ஆலயத்தில் ஆறு வருடம் ஒளித்து வைத்தாள். தாவீதின் வம்சம் அந்த ஒரு குழந்தையில் தொங்கிக் கொண்டிருந்தது.

மழையில் நின்ற மக்கள்

இப்போது நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். பாபிலோன் சிறையிருப்பு முடிந்து, பாரசீகர் ஆட்சியில் ஒரு சிறு கூட்டம் எருசலேமுக்குத் திரும்பியிருக்கிறது. பலரும் ஏற்கும் கணக்குப்படி கி.மு. 458இல் எஸ்றா வருகிறார். மக்களும் ஆசாரியர்களும் அக்கம் பக்கத்துப் பெண்களை மணந்திருக்கிறார்கள் என்று அவரிடம் முறையிடுகிறார்கள். அவர் ஆடையைக் கிழித்துக் கொள்கிறார், முடியைப் பிடுங்கிக் கொள்கிறார்.

அந்த முறையீட்டில் 'பரிசுத்த வித்து' கலந்து போயிற்று என்று ஒரு சொல் வருகிறது. வித்து! உபாகமம் வழிபாட்டைப் பற்றிப் பேசியது. இங்கே பேச்சு இரத்தத்துக்கு வந்துவிட்டது. ஏழு இனங்களுக்கு இருந்த தடையில் மோவாபியர், அம்மோனியர், எகிப்தியர் பெயர்களும் சேர்ந்துவிட்டன. ஏன் இந்த மாற்றம்? அரசன் இல்லை, படை இல்லை, சுற்றிலும் வேறு மக்கள். கரைந்து போய்விடுவோம் என்ற அச்சம். நிலமும் உண்டு. கூட்டத்துக்கு மூன்று நாளில் வராதவனின் சொத்து பறிபோகும், சபையிலிருந்தும் அவன் நீக்கப்படுவான் என்றே அறிவித்தார்கள்.

ஒன்பதாம் மாதம் 20ஆம் தேதி. ஆலயத்து வெளியில் மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கொட்டும் மழை. வழக்கினாலும் மழையினாலும் நடுங்கினார்கள் என்று எழுதியிருக்கிறது. மனைவியரை அனுப்பிவிடுகிறோம், ஆனால் மழைக்காலம், ஒருநாளில் முடிகிற காரியமா என்கிறார்கள். யோனத்தான், யக்சியா என்ற இருவர் மட்டும் எதிர்த்து நின்றார்கள் என்று சில மொழிபெயர்ப்புகள் சொல்கின்றன. இல்லை, அந்த வேலைக்குப் பொறுப்பாக நின்றார்கள் என்று வேறு சில சொல்கின்றன. மூலத்தில் உள்ள சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எதிர்த்தவரா, நடத்தி வைத்தவரா என்றுகூடத் தெரியாதபடி வரலாறு அவர்களை விட்டுவிட்டது!

மூன்று மாத விசாரணை நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்ப் பட்டியலோடு புத்தகம் முடிகிறது. மனைவியரை அனுப்பிவிடலாம், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் அனுப்பிவிடலாம் என்று முதலில் யோசனை சொன்னவர் ஏலாம் குடும்பத்து யெகியேலின் மகன் செக்கனியா. பட்டியலில் ஏலாம் குடும்பத்தின் கீழ் யெகியேல் என்ற பெயர் இருக்கிறது. அவர் இவருடைய தந்தைதானா, அதே பெயருள்ள வேறொருவரா என்று நூல் சொல்லவில்லை. தந்தை என்றால், அந்த மகன் யாரைப் பற்றிப் பேசினான்? சிற்றன்னையைப் பற்றியா? தம்பி தங்கைகளைப் பற்றியா?

அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரும் பட்டியலில் இல்லை. அவர்கள் வேறு தெய்வத்தை வணங்கினார்களா என்று தனித்தனியாகக் கேட்டதாகவும் இல்லை. எஸ்றாவை நான் மதிக்கிறேன். அவர் இல்லாவிட்டால் அந்தச் சிறு கூட்டம் நிலைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனால், இந்த இடத்தைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கி.மு. 445இல் வந்த நெகேமியா இன்னும் ஒன்றைப் பார்க்கிறார். பிள்ளைகளில் பாதிப் பேர் அஸ்தோத் மொழி பேசுகிறார்கள், யூதர் மொழி பேசத் தெரியவில்லை. இந்த வரிக்கு நாம் இங்கே விளக்கம் சொல்லத் தேவையில்லை, நம் ஒவ்வொருவர் வீட்டு வரவேற்பறையிலும் விளக்கம் இருக்கிறது. நெகேமியா செய்தது என்ன? அந்தத் தகப்பன்மாரில் சிலரை அடித்தார், முடியைப் பிடுங்கினார். சாலொமோனையே உதாரணம் காட்டித் திட்டினார். ஆனால் அவருடைய தலைவலி ஏழை வீட்டுச் சம்பந்தங்கள் அல்ல. அவரை எதிர்த்த தொபியாவின் மகனுக்குப் பெண் கொடுத்தவர் மெசுல்லாம். இந்த மெசுல்லாம் யார்? நெகேமியாவோடு சேர்ந்து எருசலேம் மதிலைக் கட்டியவர்களில் ஒருவர்! பகலில் மதில் கட்டுகிறார், சம்பந்தி மதிலுக்கு வெளியே இருக்கிறார்.

வேறு குரல்களும் உண்டு

மல்கியா என்ற தீர்க்கதரிசி, அந்நிய தெய்வத்தின் மகளை மணந்ததைக் கண்டிக்கிறார். அதே அதிகாரத்தில், இளவயதில் மணந்த மனைவிக்குத் துரோகம் செய்யாதே என்றும் கண்டிக்கிறார். ஏசாயா 56ஆம் அதிகாரம், கர்த்தரைச் சேர்ந்த அந்நியன் தான் பிரிக்கப்பட்டவன் என்று சொல்ல வேண்டாம் என்கிறது.

பிறகு ரூத். நான்கே அதிகாரம். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்குள் வரக்கூடாது என்பது உபாகமத்தின் விதி. ரூத் மோவாபியப் பெண். நூல் அதை மறைக்கவில்லை, 'மோவாபியளாகிய ரூத்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. விதவையான மருமகள், மாமியார் நகோமியை விட்டுப் போக மறுத்து பெத்லகேம் வருகிறாள். போவாஸ் ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களை உட்கார வைத்து, அவளை மணக்கும் உரிமையை முறைப்படி பெறுகிறார். நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் தன் சொத்துக்குக் கேடு வரும் என்று பின்வாங்கி, செருப்பைக் கழற்றிக் கொடுக்கிறான். ரூத்தின் பேரன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. இது எஸ்றாவுக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று சில அறிஞர்களும், அதைவிடப் பழையது என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எப்போது எழுதியிருந்தாலும், தொகுத்தவர்கள் எஸ்றாவையும் ரூத்தையும் ஒரே கட்டுக்குள் வைத்தார்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் படிக்கச் சொல்லவில்லை.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று சொல்லி உட்காருகிறேன்.

எஸ்றா, நெகேமியா காலத்திலேயே எகிப்தில், நைல் நதியில் எலிபன்டைன் என்ற தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுக்கு அங்கே ஒரு கோயிலும் இருந்தது. அந்தத் தீவின் பாப்பிரஸ் ஏடுகளில் ஒரு தொகுதியை 1893இல் ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது 1953இல்தான் அச்சாயிற்று. அதில் கி.மு. 449ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நெகேமியா எருசலேம் வருவதற்கு நான்கு வருடம் முன்பு. மணமகன் அனனியா, அந்தக் கோயில் ஊழியர். மணமகள் தாமேத், எகிப்தியப் பெண், வேறொருவருடைய அடிமை. கணவன் விலக நினைத்தாலும் மனைவி விலக நினைத்தாலும் சபையில் எழுந்து சொல்லலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கழித்து, கி.மு. 427இல், அவளுக்கும் மகளுக்கும் எசமானர் விடுதலை எழுதிக் கொடுத்தார்.

கி.மு. 402ஆம் ஆண்டு ஏடு ஒன்றில் இந்தத் தம்பதியின் பெயர் மறுபடியும் வருகிறது. வீடு விற்கும் பத்திரம். கணவன் பெயருக்குப் பக்கத்தில் கோயில் ஊழியர் என்ற பட்டம் இருக்கிறது. மனைவி பெயருக்குப் பக்கத்திலும் அதே பட்டம் இருக்கிறது.