சான்றிதழ் அடகுப் பொருளன்று!

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அண்மையில் இளம்பெண் ஒருவர் சட்ட உதவி நாடி நம்மிடம் வந்தார். தனியார் நிறுவனமொன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்த அன்றே, க. பொ. த. உயர்தரச் சான்றிதழின் மூலப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டனர். ஈராண்டின் பின் அரசாங்க நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. சான்றிதழைக் கேட்டார். "ஒப்பந்தக் காலம் முடியட்டும்" என்றனர். பரீட்சை நாள் கடந்தது. பதின்மூன்று ஆண்டுப் படிப்பின் பேறு பிறரொருவரின் மேசை அறையிற் பூட்டிக் கிடந்தது!

இக்கொடுமை புதியதன்று. மலைநாட்டிலே துண்டு முறை என்றொன்று இருந்தது. கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் துண்டின்றித் தொழிலாளி வேறு தோட்டத்திற் பேர்பதிய முடியாது. புதிய தோட்டம் கடனைக் கட்டும். அக்கடன் மறுபடியும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. துண்டு ஒழிந்தது, துண்டின் புத்தி ஒழிந்ததா?

வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம் சகோதரிகள் பலரின் கடவுச்சீட்டுகளை எசமானர்கள் பறித்து வைத்ததை நாம் அறிவோம். அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சர்வதேசத் தொழில் நிறுவனம் எண்ணுகின்றது. வீட்டுப் பணியாளர் தம் பத்திரங்களைத் தாமே வைத்திருக்க உரித்துடையவர் என்று அதன் 2011ஆம் ஆண்டின் 189ஆம் இலக்கச் சமவாயம் கூறுகின்றது.

"பயிற்சிக்குச் செலவிட்டோம், இடைநடுவில் விலகினால் நட்டம் எமக்கே" என்பர் முதலாளிமார். நட்டம் உண்டாயின் நீதிமன்றம் இருக்கின்றது. அங்கே கணக்கைக் காட்டட்டும். தாமே வாதியாய், தாமே நீதிபதியாய், தாமே பிஸ்காலுமாய் இருக்க எவருக்கும் உரிமையில்லை. பிறர் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை, உரோம டச்சுச் சட்டத்தின்படி, அப்பொருளைக் காக்கவோ திருத்தவோ செலவிட்டவனுக்குப் பிறப்பது. இந்தச் சான்றிதழுக்கு முதலாளி செலவிட்டது என்ன? ஒரு சதமுமில்லை!

"விரும்பித்தானே தந்தார்" என்பர். பார்வையிடத் தந்தது பறிகொடுத்ததாகாது. வேலையின்றி வாடுபவர் நீட்டிய பத்திரத்தை விருப்பம் என்பது நியாயமா?

ஆகவே தோழர்களே, மூலப் பிரதியைக் காட்டுங்கள். உறுதிப்படுத்திய பிரதியை மட்டுமே கொடுங்கள். கொடுத்தே ஆகவேண்டுமெனில், திகதியிட்டுக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள். திருப்பித் தர மறுத்தால், எழுத்தில் கேட்டுப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பின்னர் தொழில் திணைக்களத்தையும் சட்டத்தரணியையும் நாடுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பிடித்து வைத்து மிரட்டினால் அஞ்சவேண்டாம். மூலப் பதிவு அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கின்றது. பிரதேச செயலகத்தில் வேறு பிரதி பெறலாம்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு சொல்: அடுத்த கூட்டு உடன்படிக்கையில் சம்பளத்தோடு இதனையும் ஒரு வாசகமாக எழுதுங்கள்.

நாம் விற்பது உழைப்பை. அதுவும் நாளுக்கு இத்தனை மணி என்று அளந்து. பெயரையும் பிறப்பையும் கல்வியையும் நாம் விற்கவில்லை, அடகு வைக்கவுமில்லை!