மழையை விரும்பும் கள்ளி



திருவனந்தபுரத்தில் வீட்டுத் தோட்டம் போட்டிருப்பவர்கள் பலருக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆசையுடன் வாங்கி வந்த சிறிய உருண்டைக் கள்ளி மாசி, பங்குனி மாதங்களில் தொட்டியில் அழகாகவே இருக்கும். இடவப்பாதி மழை தொடங்கிச் சில வாரங்கள் சென்றதும் அதன் அடி அழுகி, விரல் பட்டவுடன் சாய்ந்துவிடும். மெக்சிகோ நாட்டின் வறண்ட பாறைச் சரிவுகளில் பிறந்த குலம் அது. ஆண்டில் இரு பருவமழை காணும் நம் ஊரில், கூரை நிழலும் மணல் மிகுந்த மண்ணும் இன்றி அது பிழைப்பது அரிது.

ஆயின், மழைக்காட்டையே தாயகமாகக் கொண்ட கள்ளியும் உண்டு. அதன் பெயர் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. அதைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் கள்ளி என்பது பழஞ்சொல். நம் சதுரக்கள்ளி ஆமணக்கின் உறவு. ஒடித்தால் பால் வடியும். காக்டஸ் என்னும் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததே. தண்டின்மேல் சிறு மெத்தை போன்ற புள்ளிகள் இருப்பதும், முள்ளும் பூவும் அவற்றிலிருந்தே தோன்றுவதும் அக்குடும்பத்தின் அடையாளங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாகவே காடுகளில் வளரும் காக்டஸ் ரிப்சாலிஸ் ஒன்றே என்பது பொதுவான கருத்து. ஆப்பிரிக்காவிலும், மடகாஸ்கரிலும், நம் அண்டை நாடாகிய இலங்கையிலும் அது காணப்படுகிறது. விதையைப் பறவைகள் கொண்டு வந்தன என்பர் சிலர். கப்பல் வழியே வந்தது என்பர் வேறு சிலர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு இலை இல்லை. பென்சிலினும் மெல்லிய பச்சைத் தண்டுகள் கிளைத்துக் கிளைத்து, மரக்கிளையிலிருந்து சடைபோல் தொங்கும். இளஞ்செடியில் மெல்லிய மயிர்முட்கள் இருக்கும். முதிர்ந்தபின் பெரும்பாலும் அவையும் மறையும். பூக்கள் மிகச் சிறியவை, வெண்மை நிறத்தவை. பின்னர் முத்துப் போன்ற வெள்ளைக் கனிகள் தோன்றும். மரத்தின்மேல் வாழினும் இது ஒட்டுண்ணி அன்று. தங்க இடம் பெறுவதன்றி, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் அறிஞர்களே தோற்றத்தால் மயங்கி, வேலிகளில் நூல்போல் படரும் கொற்றானின் இனத்தில் இதனைச் சேர்த்தனர். 1788ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கேர்ட்னர் ரிப்சாலிஸ் என்னும் பேரினத்தை அமைத்தார்.

அவர்களை மயக்கியது தோற்றம்; என்னை மயக்கியது பெயர். கள்ளிதானே என்று எண்ணி, நண்பர் தந்த கொடியை மொட்டை மாடி வெயிலில், வெறும் மணலில் நட்டு, தண்ணீரையும் குறைத்தேன். ஒரு மாதத்தில் தண்டுகள் சிவந்து சுருங்கின. நிழலுக்கு மாற்றிய பின்னரே அது உயிர் தப்பியது.

இதனை வளர்க்க எளிய வழி சொல்கிறேன். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, மட்கிய இலை, சிறு கல் ஆகியவற்றைக் கலந்து ஒரு தொங்கு தொட்டியில் இடுங்கள். காலை இளவெயில் மட்டும் படும் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ அதைத் தொங்கவிடுங்கள். மேற்பரப்பு உலரத் தொடங்கியதும் நீர் ஊற்றுங்கள். மழையில் நனையலாம், ஆனால் தொட்டியில் நீர் தேங்கலாகாது. புதுச் செடி வேண்டுமாயின், அரை அடித் தண்டை வெட்டி, காயம் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நடுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். மாவுப்பூச்சி கண்டால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். காட்டுச் செடியைப் பறித்து வராமல், வளர்ப்பவரிடம் ஒரு தண்டு கேட்டு வாங்குங்கள், அதுவே போதும்.

உருண்டைக் கள்ளியை நாம் கொல்வது நீரால். ரிப்சாலிஸைக் கொல்வது வெயிலால். இரண்டிற்கும் காரணம் ஒன்றே: செடியின் பிறந்த ஊரைக் கேளாமல் அதன் பெயரை மட்டும் கேட்டு நடத்துகிறோம். அடுத்த முறை ஒரு செடியை வாங்கும்போது, விலையைக் கேட்குமுன் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பாதி வளர்ப்பு முறை அந்த விடையிலேயே இருக்கும்.