பெயரை நீக்கக் கோருவோரும் பொது ஏடும்



கோலார் தங்கவயலில் 1930-ஆம் ஆண்டு பெரியதொரு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதனை மூட்டியது கூலியன்று. தொழிலாளர் யாவரும் விரல்ரேகை பதிந்து ஏட்டிலே பெயர் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று பிறந்த விதியே அதனை மூட்டியது. குற்றவாளியின் கையைப் பிடிப்பதுபோல் உழைப்பாளியின் கையைப் பிடிப்பதா என்று மானமுள்ளவர் கொதித்தனர். தம்மைப் பற்றிய ஏடு பிறர் கையில் இருப்பதன் உறுத்தலை அவ்வூர் நன்கறியும்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பை நாடிப் பலர் பெங்களூருக்குச் சென்றனர். இன்று நம்மவர் விரும்பிக் கைச்சாத்திடும் ஏடுகளும் உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அத்தகையது. யாரும் எழுதலாம், எழுதியவர் பெயர் நாளும் நேரமுமாக வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும்.

தங்கவயல் இளைஞர் ஒருவர் தம் ஊரைப் பற்றி அங்கே எழுதினார், சாதி பற்றிய வாதமொன்றிலும் கலந்துகொண்டார் என்று கொள்வோம். பின்னர் வேலைக்குச் சென்ற இடத்தில் அவ்வாதம் இடராகிறது. “என் கணக்கையும் கருத்துகளையும் அழித்துவிடுங்கள்” என்று வேண்டுகிறார். யாது செய்வது?

விக்கிப்பீடியாவில் கணக்கை அழிப்பதில்லை. ஒவ்வொரு திருத்தமும் எவரேனும் ஒருவருடையதாகக் குறிக்கப்படல் வேண்டும் என்பது அதன் உரிம நெறி. ஆதலின் அடையாளம் காட்டாத வேறு பெயராக மாற்றித் தருவர், எழுத்து நிற்கும். தொலைபேசி எண், முகவரி போன்றவை வெளிப்பட்டிருந்தால் அவற்றை முற்றிலும் மறைக்கவும் வழியுண்டு.

இம்முறை பெரிதும் நேரிது என்றே கருதுகிறோம். வாதத்தில் ஒருவர் சொன்னதை மட்டும் உருவிவிட்டால், மறுமொழி சொன்னவர் காற்றோடு சண்டையிட்டவராகத் தோன்றுவார். அவருக்கும் நியாயம் வேண்டுமன்றோ! ஆயினும் இங்கே ஒரு குறையுண்டு. கணக்கின் பெயரை மாற்றும் பொறி, உரையாடல் பக்கங்களில் அவர் முன்பு இட்ட கையொப்பத்தைத் தொடுவதில்லை. பிறர் அவரைப் பெயர் சொல்லி விளித்த வரிகளும் அப்படியே கிடக்கும். அவற்றைத் தேடித் திருத்துவது மனிதர் கைவேலை, சலிப்பூட்டும் வேலையுங்கூட. அதனைச் செய்யாமல் “நீக்கிவிட்டோம்” என்று எழுதுவது பாதி உண்மையே.

2017-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் இதையொத்த ஒரு வழியைக் கண்டது. தந்தை ஒருவர் தம் மகளின் பெயர் பழைய ஆணையொன்றின் வாயிலாக இணையத் தேடலில் வெளிப்படுவதைத் தடுக்குமாறு கோரினார். பொதுத் தேடலில் பெயர் தோன்றாதிருக்க நீதிமன்றம் பணித்தது. ஆணையின் சான்றிட்ட படியிலோ பெயர் இருக்கும் என்றது. ஏடும் பிழைத்தது, பெண்ணின் பெயரும் காக்கப்பட்டது.

கோரிக்கையைப் பெறும் முறையிலும் கருத்து வேண்டும். ஏன் போகிறீர் என்று பொதுப் பக்கத்தில் பத்துப் பேர் கூடி வினவினால், மறைக்கவேண்டிய பெயர் இன்னும் பத்து இடங்களில் ஏறிவிடும். ஆதலின் தனி மடலில் கேட்டு, தனி மடலில் விடையளிப்பதே தக்கது.