லெப்டொப் வாங்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை

(உயர்தர வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்காகத் தோட்ட வாசிகசாலையில் நடந்த ஞாயிறு கூட்டத்தில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை.)

 

ஆறு நாளும் மலையில் நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இப்போதெல்லாம் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஐயா, பிள்ளை லெப்டொப் கேக்குது. எதை வாங்குறது?"

பதிலுக்கு முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2021 ஆம் ஆண்டு. கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி, போனில் பாடம் படித்த காலம். என் மூத்த மகள் அப்போது உயர்தரம். டவுனில் ஒரு கடையில் மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் ஒரு லெப்டொப் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆசையாகப் போய்விட்டது. வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்து முற்பணம் கட்டினேன். மிச்சத்தைத் தவணைக்குப் போட்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி. ஒரு வருசம் போகவில்லை, விண்டோஸைப் புதுப்பிக்கக்கூட உள்ளே இடமில்லை. ஒரு பக்கம் திறக்க, தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்டால், "ஏலாது, எல்லாம் போர்டோட ஒட்டினது" என்றார்கள். தவணை முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பழையபடி என் போனில் படித்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அந்தப் பிழையை நீங்கள் செய்யக்கூடாது. கனம் குறைவாக இருப்பது நல்லதுதான். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறி இறங்கி, பஸ்ஸில் நெருக்குப்பட்டுப் போகிற பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ பெட்டி தண்டனை. ஒன்றரைக் கிலோவை ஒட்டி, 14 அங்குலத் திரையோடு இருந்தால் போதும். ஆனால் கனத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்று எண்களைப் பாருங்கள். 8, 256, 8. பிள்ளைகளே, இதைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் 8 என்பது ரேம். 8 ஜிபிக்குக் குறையக்கூடாது. ரேம் என்பது முதுகில் இருக்கிற கூடை மாதிரி. கூடை சின்னதென்றால் கொழுந்தைக் கொட்டக் கொட்ட ஓடத்தான் நேரம் போகும், வேலை நடக்காது.

இரண்டாவது 256. இது சேமிப்பு, அதாவது ஸ்டோர். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். "எஸ்.எஸ்.டி.தானா?" என்று வாய் திறந்து கேளுங்கள். மலிவான பெட்டிகளில் ஈ.எம்.எம்.சி. என்று ஒன்றைப் போட்டிருப்பார்கள். அது வேகம் குறைந்தது, பெரும்பாலும் மாற்றவும் ஏலாது. பழைய பெட்டிகளில் இருக்கும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் மெதுவானதுதான்.

மூன்றாவது 8 என்பது இன்டெல் புரொசஸரின் தலைமுறை. பாவித்த லெப்டொப் வாங்குகிறவர்களுக்கு இது மிக முக்கியம். ஐ5-8250 என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பிறகு வருகிற 8தான் தலைமுறை. ஐ5-6300 என்றால் ஆறாம் தலைமுறை. ஐ5-1135 என்றால் பதினோராம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஏ.எம்.டி. ரைசன் என்றால் 3000 வரிசையிலிருந்து பாருங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டியை "ஐ5, ஐ7" என்று பெரிதாகச் சொல்லி விற்பார்கள். அந்தப் பேருக்கு மயங்க வேண்டாம்.

புதிதா, பாவித்ததா என்று கேட்பீர்கள். கையில் காசு குறைவென்றால், மலிவான புதியதை விட நல்ல பாவித்தது மேல். கந்தோர்களில் பாவித்துக் கழித்த திங்க்பேட், லட்டிடியூட், எலைட்புக் வகைகள் பாவித்த கடைகளில் கிடைக்கும். அவை கந்தோர் வேலைக்கென்றே உறுதியாகச் செய்தவை. பலவற்றில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எந்த மொடல் என்று கேட்டு, அதில் கூட்ட முடியுமா என்று உறுதிப்படுத்துங்கள்.

கடையில் நின்றே செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு. பற்றரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று புதிதாக இருந்தபோது பற்றரி பிடித்த அளவு, மற்றது இப்போது பிடிக்கிற அளவு. இரண்டாவது, முதலாவதின் பாதிக்கு வந்துவிட்டால், புதுப் பற்றரியின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். எல்லா எழுத்துக்களையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். மூடித் திறந்து பிணைச்சல் ஆடுகிறதா பாருங்கள். உங்கள் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்து ஒரு பாடத்தை ஓட விடுங்கள். கமராவும் மைக்கும் வேலை செய்கிறதா பாருங்கள். இந்தச் சோதனைக்கு அரை மணித்தியாலம் தர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பில்லில் மொடல், சீரியல் நம்பர், உத்தரவாத காலம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்ன உத்தரவாதம் காற்றோடு போய்விடும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில் இருந்தால்தான் உங்கள் பேச்சுக்குப் பலம்.

அடுத்தது தவணை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ரொக்க விலை 150,000 ரூபா. தவணைக்கு என்றால் முற்பணம் 30,000, பிறகு மாதம் 8,000 வீதம் 24 மாதம். "மாதம் 8,000தானே" என்று கையொப்பம் வைத்துவிடுகிறோம். கூட்டிப் பாருங்கள். தவணை மட்டும் 192,000, முற்பணத்தோடு 222,000. ரொக்கத்தை விட 72,000 கூட. அந்த 72,000க்கு எத்தனை நாள் பேர் விழ வேண்டும் என்று உங்கள் நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். சீட்டுப் போட்டுச் சேர்த்து ஆறு மாதம் பிந்தி வாங்கினாலும் வெட்கமில்லை. தவணைக் கடதாசியில் அன்றைக்கே கையொப்பம் வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் செய்து, மறுநாள் போங்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைக்கு லெப்டொப் தேவையில்லை. போனே போதும். உயர்தரம் படிக்கிறவர்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், கொம்பியூட்டர் பாடநெறி செய்கிறவர்கள், வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், இவர்களுக்குத்தான் உண்மையான தேவை. எழுத்து வேலைக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கவும் வேண்டாம். லிப்ரே ஒபிஸ் இலவசம். தமிழ் விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு.

வாங்கிய பிறகு பாதுகாப்பும் வேண்டும். நம் லயக் காம்பராவில் ஈரமும் அடுப்புப் புகையும் பெரிய எதிரி. தரையில் வைக்காதீர்கள், அடுப்படியில் வைக்காதீர்கள். மழையில் கொண்டுவந்தால் துடைத்து, சற்று நேரம் காயவிட்டுப் போடுங்கள். இடி இடித்தால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமின்னல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. வாங்கப் போகும் முன், கடைக்காரர் சொல்லும் விபரத்தை ஒரு துண்டில் எழுதி என்னிடம் கொண்டு வாருங்கள். பெரட்டு முடிந்த பிறகு எந்த நாளும் நான் அலுவலகத்தில் இருப்பேன். இரண்டு பேருமாகப் பார்ப்போம். நான் பட்ட கஷ்டம் என்னோடு போகட்டும். உங்கள் பிள்ளை விரும்பித் திறக்கிற பெட்டி, பரீட்சை முடியும் வரைக்கும் ஓட வேண்டும். அதுதான் என் ஆசை.